கல்லாய்ப் போன மரமும் கடலும் காணக் குடும்பத்தோடு ஒரு பயணம்

பாறசாலை: பள்ளிக்கூடம் அடைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெற்றோருக்குத் திண்டாட்டம். "லீவுக்கு எங்கே போகிறோம்?" என்ற கேள்வி காலைக் காப்பியோடு ஆரம்பித்து, இரவுச் சாப்பாடு வரை ஓயாது.

எல்லையோரத்தில் வாழும் நம்மவர்களுக்கு இதற்கு வழக்கமாக இரண்டே விடைதான். பிழைப்புக்காக வந்து தங்கியவர்களானால் சொந்த ஊர். தேனியோ, தென்காசியோ, விருதுநகரோ போய், கொடை பார்த்து, கல்யாணம் காதுகுத்து பார்த்துத் திரும்புவார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலேயே இருப்பவர்களானால் கன்னியாகுமரி, திருச்செந்தூர், குற்றாலம்.

இப்போது பிள்ளைகள் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். டைனோசர் பார்க்க வேண்டுமாம்!

சில மாதங்களுக்கு முன் டிக்கெட் கவுன்டரில் டைல்ஸ் ஒட்டும் வேலை செய்யும் ஒருவர் வந்து நின்றார். கையில் பணம்; முகத்தில் தயக்கம்.

"சார், டைனோசர் இருக்கிற ஊருக்கு ரயில் உண்டுமா?"

"எந்த ஊர் அண்ணாச்சி?"

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் கேட்கேன்? பையன் மூணாங் கிளாஸ் படிக்கான். தினமும் இதே தொல்லை."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது சிரிக்கக்கூடிய கேள்வி அல்ல. விடை இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ரயில் பாதையில் ஏறத்தாழ 525 கிலோமீட்டரில் அந்த ஊர் இருக்கிறது. அதன் பெயர் அரியலூர்.

பிளாட்பாரத்தில் ஒரு கணக்கு

டைனோசர் என்பது பல்லி, முதலை இனத்துக்குத் தூரத்து உறவான ஒரு பெரும் பிராணிக் கூட்டம். அவற்றில் யானையைக் காட்டிலும் பல மடங்கு பெரியவையும் உண்டு. கோழி அளவே உள்ளவையும் உண்டு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அவை அழிந்து போயின. அவற்றின் ஒரு கிளைதான் இன்றைய பறவைகள் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

கோடி ஆண்டு என்றால் பிள்ளைகளுக்குப் புரியாது, நமக்கும் புரியாது. ஆகவே ரயில்வேக்காரன் கணக்கு ஒன்று சொல்கிறேன். ஆயிரம் ஆண்டுகளை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிளாட்பாரத்தில் நிற்கும் ஒரு வண்டியின் கடைசிப் பெட்டியின் ஓரத்தை இன்றைய தினம் என்று வைத்து, எஞ்சினைப் பார்த்து நடக்க வேண்டும்.

ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலைக் கட்டியது ஒரு மில்லிமீட்டரில் வந்துவிடும். திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்களின் காலம் 20 மீட்டர். அதாவது ஒரு பெட்டி நீளம்கூட இல்லை. டைனோசர்கள் அழிந்த காலம் 66 மீட்டர். மூன்றாவது பெட்டிக்குள் வருகிறது. சாத்தனூர்க் கல்மரத்தின் காலம் 12 கோடி ஆண்டு என்று சொல்லப்படுகிறது. அது 120 மீட்டர், ஐந்து பெட்டிகளின் நீளம்.

வண்டிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் பிள்ளையைக் கையில் பிடித்து இந்தக் கணக்கை நடத்திக் காட்டுங்கள். செலவில்லாத பாடம்.

நம் ஊரில் ஏன் இல்லை?

"அவ்வளவு தூரம் எதற்கு? நம் ஊரில் தோண்டினால் கிடைக்காதா?" என்று பிள்ளை கேட்கும். கிடைக்காது. காரணம் இருக்கிறது.

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் குவாரிகளில் உடைக்கும் பாறை, பூமியின் ஆழத்தில் கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியது. அப்படி வெந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதில் எலும்பும் சிப்பியும் தங்காது. மேலே கிடக்கும் வெட்டுகல்லும் செம்மண்ணும், பாறை மழையிலும் வெயிலிலும் இற்றுப்போனதால் உண்டானவை.

உயிரினத்தின் உடல் கல்லாக மாறுவதற்குச் சேறு வேண்டும். ஆற்றடியிலோ கடலடியிலோ சேற்றில் சட்டென்று புதைய வேண்டும். பிறகு நிலத்தடி நீரில் கரைந்துள்ள மணல்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் எலும்பின் துளைகளிலும் மரத்தின் நாரிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து இறுகும். மரம் மறைந்து மரத்தின் உருவம் கல்லில் நிற்கும். இதைத்தான் புதைபடிவம் என்கிறோம்.

அரியலூர், பெரம்பலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. கடல் பல தடவை உள்ளே வந்தது. பல தடவை பின்வாங்கியது. அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பி, நத்தை, சுறா முதலியவற்றின் ஓடும் பல்லும் அங்கே மண்ணில் கிடக்கின்றன. அங்குள்ள சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் அந்த ஓடுகள் சேர்ந்து இறுகியதே. அதை நம்பித்தான் அரியலூரில் இத்தனை சிமென்ட் ஆலைகள். நம் கொத்தனார் சட்டியில் குழைக்கும் சிமென்டில் ஒரு பழைய கடல் கலந்திருக்கிறது என்றால் மிகையல்ல.

கல்லமேட்டு ராட்சதன்

இந்த வட்டாரத்தை 1840களிலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் கவனித்து, இங்கே கிடைத்த படிவங்களை லண்டனுக்கு அனுப்பினார்கள். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வந்து படம் வரைந்தது. 1929இல் மாட்லி என்ற ஆங்கிலேயர், அன்றைய திருச்சி மாவட்டத்தில் கிடைத்த டைனோசர் எலும்புகளைப் பற்றி எழுதினார்.

அரியலூருக்கு அருகே கல்லமேடு என்ற கிராமம். அங்கே கிடைத்த சில எலும்புகளைப் பற்றி 1987இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்ற இருவர் அறிக்கை வெளியிட்டார்கள். அந்தப் பிராணிக்கு அவர்கள் இட்ட பெயர் 'பிருகத்காயோசாரஸ் மாட்லியி'. பிருகத் என்றால் பெரிய. காயம் என்றால் உடம்பு. பெருத்த உடம்புப் பல்லி என்று பொருள். முன்னே சொன்ன மாட்லியின் பெயரும் அதில் சேர்ந்தது.

அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர் நீளம்! நல்ல உயரமான ஆளைக் காட்டிலும் நீளம். முதலில் அது இறைச்சி தின்னும் வகை என்று கருதப்பட்டது. பிறகு நீண்ட கழுத்தும் நாலு தூண் கால்களும் உள்ள, தழை தின்னும் வகை என்று திருத்தப்பட்டது. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதன் எடை 100 டன்னுக்கும் மேல் இருக்கலாம் என்கிறது. அது சரியானால், உலகில் இதுவரை தரையில் நடமாடிய பிராணிகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று நம் அரியலூர்ச் சீமையில் நடமாடியிருக்கிறது.

ஆனால் வாசகர்கள் அறிய வேண்டிய வருத்தமான செய்தி ஒன்று உண்டு. அந்த எலும்புகள் இன்று இல்லை. மண்ணிலிருந்தபோதே நைந்து போயிருந்த எலும்பு, மழையிலும் ஈரத்திலும் பொடிந்து உதிர்ந்து போய்விட்டது. மிஞ்சியவை படங்களும் குறிப்புகளும்தான். பொருள் கையில் இல்லாததால், "அது எலும்பே அல்ல, கல்லான மரத்துண்டாக இருக்கலாம்" என்றுகூட வெளிநாட்டார் சிலர் சந்தேகப்பட்டார்கள். 2022இல் அய்யாசாமியும் மற்றொரு ஆய்வாளரும் பழைய படங்களை வெளியிட்டு, அது எலும்பே என்று மறுபடியும் எடுத்துச் சொன்னார்கள்.

கைக்கு வந்த பெருமை கைநழுவிப் போயிற்று.

முதலில் உண்மையைச் சொல்லுங்கள்

ஆகவே பெற்றோருக்கு முதல் யோசனை: புறப்படும் முன்பே பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். "சினிமாவில் வருவது போல முழு டைனோசர் எலும்புக்கூடு அரியலூரில் இல்லை. அது நடந்த நிலத்தையும், அது வாழ்ந்த காலத்துக் கடலையும், மரத்தையும் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் கூட்டிப் போனால், அறுபது அடி கல்மரத்தின் முன் நின்றுகொண்டு "டைனோசர் எங்கே?" என்று பிள்ளை அழும். சொல்லிவிட்டுக் கூட்டிப் போனால், காலடியில் கிடக்கும் ஒரு சிப்பியைக் கண்டாலே குதிக்கும்.

இரண்டாவது யோசனை: கையிருப்பைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். நம்மில் பலருக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போயிற்று என்று அர்த்தம். கடன் வாங்கிச் சுற்றுலா போக வேண்டிய அவசியம் இல்லை. மூன்று வகைத் திட்டம் கீழே தருகிறேன்.

ஒரு நாள் திட்டம்

காலை பாசஞ்சரில் திருவனந்தபுரம் போய், மியூசியம் வளாகத்திலுள்ள இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையைப் பார்க்கலாம். எலும்புக்கூடு என்றால் என்ன, எந்த எலும்பு எங்கே பொருந்தும் என்று பிள்ளைகள் அறிய இதுவே நல்ல தொடக்கம். திங்கட்கிழமை விடுமுறை, அன்று போக வேண்டாம்.

இல்லையேல் வர்க்கலா. கர்க்கடக வாவுக்குப் பாபநாசத்தில் தர்ப்பணம் செய்யப் போனவர்கள் அந்தச் செங்குத்தான கடற்கரைக் குன்றைப் பார்த்திருப்பீர்கள். மணல், களிமண், கரிந்த மரத்துணுக்குகள் கலந்த அடுக்கு என்று அடுக்கடுக்காக அது தெரியும். புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. பூமி எப்படிப் படிந்து வளர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் காட்ட முடியாது. ஆனால் மழைக்காலத்தில் குன்று இடிந்து விழும். அடிவாரத்தில் ஒட்டி நிற்கவே கூடாது.

மூன்று நாள் திட்டம்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை வழியாகத் திருச்சிக்குப் பகல் நேர இன்டர்சிட்டி ஓடுகிறது. இரவு திருச்சியில் தங்கல்.

மறுநாள் காலை பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். கிராமத்துக்கு வெளியே, வேலி போட்ட இடத்தில் அந்தக் கல்மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். ஆற்று வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து கடல் சேற்றில் சேர்த்த மரம் அது. 1940இல் இதைக் கண்டறிந்து வெளியுலகுக்குச் சொன்னவர் டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். தஞ்சை மாவட்டத்தில் பிறந்த இவர், பிற்காலத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்தியத் தலைவரானார்.

அதே வட்டாரத்தில் காரை என்ற ஊர். மழைநீர் அரித்து அரித்து, மேடும் பள்ளமுமாக, புல்பூண்டு அதிகம் இல்லாத களிமண் வெளி. அங்கே கடல் பிராணிகளின் படிவங்கள் உண்டு. ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட அம்மோனைட் என்ற ஓடு அவற்றில் முக்கியமானது. பூஜையில் வைக்கும் சாளக்கிராமத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் சாளக்கிராமத்தின் உள்ளே தெரியும் சக்கரமும் இந்த இனத்துப் பிராணியின் ஓடுதான். பாட்டி கூட வந்தால் பேரனைவிட அவருக்குத்தான் இங்கே அதிகம் பேச்சிருக்கும்.

இந்த இடங்களுக்கு டவுன் பஸ்ஸை நம்பிப் போனால் நேரம் வீணாகும். இரண்டு குடும்பமாகச் சேர்ந்து திருச்சியிலோ பெரம்பலூரிலோ ஒரு வேன் பேசிக்கொண்டால் தலைக்குச் செலவு குறையும். தண்ணீரும் கட்டுச்சோறும் கையோடு இருக்கட்டும். காரையில் நிழல் இல்லை.

மூன்றாம் நாள் அரியலூரை அடுத்த வாரணவாசியில் அரசின் புதைபடிவ அருங்காட்சியகம். முந்தின நாள் மண்ணில் பார்த்ததை இங்கே பெயரோடும் விளக்கத்தோடும் பார்க்கலாம். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு ஜெயங்கொண்டம் வழியாகக் கங்கைகொண்ட சோழபுரம். மலையாளப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் அங்கே வழிநெடுகத் தமிழ்ப் பலகைகளை எழுத்துக் கூட்டி வாசிப்பதைக் கேட்கப் பெற்றோருக்கு இனிக்கும். இரவு வண்டியில் ஊர் திரும்பலாம்.

ஆறு நாள் திட்டம்

கொஞ்சம் வசதி உள்ளவர்கள் முதலில் விழுப்புரம் போகலாம். அங்கிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ திருவக்கரைக்குப் போக வேண்டும். வக்கிரகாளியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். பௌர்ணமி அன்று பெரும் கூட்டம் வரும். வருகிற கூட்டத்தில் பலர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே தேசியக் கல்மரப் பூங்கா இருக்கிறது. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையுள்ள மரங்கள் ஏறக்குறைய 200 அங்கே கிடக்கின்றன. இன்றைய புளிய மரத்துக்கு உறவானவையும் அவற்றில் உண்டு. வேரும் இல்லை, கிளையும் இல்லை. வெள்ளம் அவற்றை உருட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. வயது வளையங்களை விரலால் எண்ணலாம். சோனராத் என்ற பிரெஞ்சுக்காரர் 18ஆம் நூற்றாண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அடுத்து சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851இல் தொடங்கியது. புவியியல் பிரிவும் குழந்தைகள் பிரிவும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. திரும்பும்போது வைகை, பல்லவன் போன்ற பகல் வண்டியில் ஏறி அரியலூரில் இறங்கி, மேலே சொன்ன இடங்களைப் பார்த்து ஊருக்கு வரலாம்.

இங்கே ஒரு ரயில்வே விதி கைகொடுக்கும். 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்துக்குச் சீட்டு எடுத்தால், 500 கிலோமீட்டர் கடந்த பிறகு வழியில் ஒரு நிலையத்தில் இறங்கி 2 நாள் வரை தங்கி, அதே சீட்டில் பயணத்தைத் தொடரலாம். பாறசாலையிலிருந்து சென்னைக்குச் சீட்டு எடுத்தவர் விழுப்புரத்தில் இப்படி இறங்கலாம். முன்பதிவு செய்யும்போதே இதைச் சொல்ல வேண்டும். இறங்கிய நிலையத்தில் சீட்டில் குறிப்பு எழுதி வாங்க வேண்டும். 5 வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காத பிள்ளைக்குச் சீட்டு வேண்டாம். 5 முதல் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், கேட்காவிட்டால் பாதி.

முழு எலும்புக்கூடு பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகளுக்கு ஐதராபாத் பிர்லா விஞ்ஞானக் காட்சிசாலை இருக்கிறது. ஆந்திரத்தின் அன்றைய அடிலாபாத் மாவட்டத்து யாமன்பள்ளியில் கிடைத்த கோட்டாசாரஸ் எலும்புகளை அங்கே கூடாக நிறுத்தியிருக்கிறார்கள். நீளம் சுமார் 14 மீட்டர். திருவனந்தபுரத்திலிருந்து சபரி எக்ஸ்பிரஸ் போகிறது. எல்.டி.சி. சலுகை உள்ள குமாஸ்தாக்கள் இதை யோசிக்கலாம்.

எப்போது போவது?

சித்திரை, வைகாசி வெயிலில் அரியலூர்ப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் களிமண் வழுக்கும். ஓண விடுமுறை நல்லது. தைப் பொங்கலுக்கு நம் மாவட்டத்திலும் உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள்; அதோடு சனி, ஞாயிறு சேர்ந்தால் மிக நல்லது. ஆனால் பொங்கல் கூட்டம் தெரிந்ததே. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது. அன்றைக்கே கவுன்டருக்கு வந்துவிட வேண்டும்.

கல்லை எடுக்க வேண்டாம்

கடைசியாக ஒரு வேண்டுகோள். போகிற இடத்தில் ஒரு துண்டுக் கல்லைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். பூங்காக்களில் அது குற்றம். மற்ற இடங்களிலும் தவறுதான். படிவம் எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்தே ஆய்வாளர்கள் அதன் கதையைப் படிக்கிறார்கள். வீட்டு ஷோகேசுக்கு வந்துவிட்டால் அது வெறும் கல். சிமென்ட் சுரங்கங்களுக்குள் அனுமதியின்றி நுழையவும் வேண்டாம். தண்ணீர் தேங்கிய பழைய குழிகள் ஆபத்தானவை.

உருண்டையாக எதைக் கண்டாலும் டைனோசர் முட்டை என்று கூவவும் வேண்டாம். 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்து அப்படித்தான் பரபரப்பு எழுந்தது. நிபுணர்கள் வந்து பார்த்து, அவை முட்டை அல்ல, கடல் படிவுக் கற்கள் என்றார்கள். மத்தியப் பிரதேசத்தில் நடந்தது இதற்கு நேர் எதிர். தார் மாவட்டத்தில் கிராமத்தார் குலதெய்வமாக வைத்துக் கும்பிட்டு வந்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று 2023இல் தெரிய வந்தது. தெய்வம் என்று வைத்திருந்ததால் அவை பத்திரமாக இருந்தன!

சந்தேகமான பொருள் கண்ணில் பட்டால் தொடாமல், படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, வாரணவாசி அருங்காட்சியகத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ சொல்லுங்கள். கல்லமேட்டு எலும்பு பொடிந்து போனது போல இன்னொன்று போய்விடக் கூடாது. அந்த மண்ணில் இன்னும் எத்தனையோ புதைந்து கிடக்கலாம். ஒவ்வொரு மழையும் கொஞ்சம் மண்ணை அரித்துப் புதிதாக ஒன்றைக் காட்டுகிறது. பார்ப்பார் இல்லையேல் அடுத்த மழை அதை அழிக்கிறது. இன்று மூன்றாம் வகுப்புப் படிக்கும் எல்லையோரத்துப் பிள்ளை ஒன்று, நாளை புவியியல் படித்து அங்கே போய்க் குடைபிடித்து நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.